டச்சுப் பட்டினிக் குளிர்காலமும் கருவிலிருந்த குழந்தைகளும்

கர்ப்பகாலத்தில் தாய்க்கு ஏற்படும் உணவுப் பற்றாக்குறை, குழந்தையின் உடல்நலத்தை அது வளர்ந்து முதுமை அடையும் வரை பாதிக்கக்கூடும். இதற்கு முக்கியமான சான்றாகக் கருதப்படுவது, 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஏற்பட்ட பஞ்சம் ஆகும்.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 செப்டம்பரில், நேச நாட்டுப் படைகளுக்கு உதவும் நோக்கில் டச்சு ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இதற்குப் பதிலடியாக ஜெர்மானிய ஆக்கிரமிப்பு அரசு உணவுப் போக்குவரத்தைத் தடை செய்தது. தடை தளர்ந்தபோது கால்வாய்கள் உறைந்துபோயிருந்தன. ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்கான பங்கீட்டு உணவு நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. பின்னர் 400 முதல் 800 கலோரி வரையே கிடைத்தது. மக்கள் துலிப் கிழங்குகளையும் உண்டனர். சுமார் 20,000 பேர் இறந்தனர். 1945 மே மாத விடுதலைக்குப் பின் உணவு நிலைமை விரைவில் சீரானது.

பஞ்சத்தின் தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிந்ததாலும், பிரசவப் பதிவுகள் பாதுகாக்கப்பட்டிருந்ததாலும், தாய் எத்தனையாவது மாதத்தில் பட்டினியை எதிர்கொண்டார் என்பதைக் கணக்கிட முடிந்தது.

விளைவுகள்

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினி நேர்ந்தபோது, குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தன. வளர்ந்த பின் அவர்களது உடலுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. முதல் மாதங்களில் மட்டும் பட்டினியைச் சந்தித்த குழந்தைகள் இயல்பான எடையுடன் பிறந்தன. ஆனால் நடுவயதில் அவர்களிடையே இதயத் தமனி நோய் அதிகமாகக் காணப்பட்டது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருத்தரிக்கப்பட்டவர்களிடம் நரம்புக்குழாய்க் குறைபாடுகளும் மனச்சிதைவு நோயும் கூடுதலாக இருந்தன. எனவே பிறப்பு எடையை மட்டும் கொண்டு, கருவில் குழந்தை நலமாக வளர்ந்தது என்று முடிவு செய்ய இயலாது.

காரணம்

மரபணுக்களின் எழுத்து வரிசை மாறாமலே அவை செயல்படும் அளவு மாறக்கூடும். மரபணுவின் மீது ஒட்டிக்கொள்ளும் மெத்தில் எனும் வேதிக் குறிகள் இதில் பங்கு வகிக்கின்றன. கருத்தரித்த காலத்தில் பஞ்சத்துக்கு உள்ளானவர்களை, பஞ்சத்துக்கு உள்ளாகாத அவர்களது உடன்பிறந்தோருடன் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் இக்குறிகள் குறைவாக இருப்பதை, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆய்வு கண்டது. நோய்களுக்கு இதுவே நேரடிக் காரணம் என்று இதிலிருந்து கூறிவிட முடியாது. குளிரும் போர்க்கால அச்சமும் பஞ்சத்தோடு சேர்ந்தே இருந்தன. பாதிப்பு என்பது கூடுதல் ஆபத்தே தவிர, மாற்ற முடியாத விதி அன்று.

முக்கியத்துவம்

கருத்தரித்து ஏறக்குறைய 28 நாட்களில் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. கர்ப்பமாக இருப்பதைப் பல பெண்கள் அதற்குள் அறிந்திருப்பதில்லை. ஆகவே கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை எடுத்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். நெதர்லாந்துத் தாய்மார் பட்டினியைத் தாமாகத் தேர்ந்துகொள்ளவில்லை. உணவு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. கர்ப்பிணிக்குப் போதிய உணவு கிடைக்கச் செய்வது அவருடைய பொறுப்பு மட்டுமன்று. குடும்பத்துக்கும் அரசுக்கும் அதில் பங்கு உண்டு.