கதிர் போன பின் தட்டை

மழைக்காலத்தில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தெருவோரக் கரியடுப்பில் சுட்டு விற்கப்படும் 'புட்டா' நாம் அறிந்ததே. அது மக்காச்சோளக் கதிர். அதனைத் தாங்கி நின்ற செடி என்னவாகிறது?

தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பூர்விகம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகள். அங்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் நிலங்களில் புரட்டாசி மாதத்தை ஒட்டி மக்காச்சோளம் விதைத்து, தை, மாசியில் அறுவடை செய்கின்றனர். முன்பு ஆட்கள் கதிரை ஒடித்தெடுத்தபின் தட்டையை அடியோடு அறுத்துக் கட்டி, படப்பாக அடுக்கினர். கோடையில் மாடுகளுக்கு அது உணவாயிற்று. நிலமில்லாதவர் மாடு வளர்த்ததும் அத்தகைய தட்டையை நம்பியே.

பின்னர் ஊரில் ஆள் குறைந்தது. பலர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். நம் வீடுகளிலும் அவ்வாறு வந்தவர் உண்டு. அவர்கள் விட்டுச்சென்ற வேலையைச் செய்ய அறுவடை இயந்திரம் வந்தது. மக்காச்சோளத்துக்கென அமைந்த இயந்திரத்தின் முன்புறம் சுழலும் உருளைகள் தட்டையைக் கீழே இழுக்கும். மேலுள்ள தகட்டில் தடுக்கிக் கதிர் முறிந்து உள்ளே செல்லும். மணி தொட்டியில் சேர, சக்கையும் தோகையும் பின்னால் விழும். நசுங்கிய தட்டை வயலிலேயே கிடக்கும். இவற்றின் எடை மணியின் எடைக்கு ஏறக்குறைய நிகர். இதைக் 'கழிவு' என்பது பொருந்தாத சொல்.

சேர்ப்பதுதான் கடினம். பிறகு வாரியெடுத்தால் மண் கலக்கும். மாடு அதை ஒதுக்கிவிடும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அமெரிக்காவில் அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே கட்டும் இயந்திரத்தைப் பூட்டி, வெளியே வருவது தரையில் விழுமுன் பிடித்துக் கட்டும் முறையும் உண்டு. காவிரிப் படுகையில் வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் டிராக்டரின் பின்னே ஓடுகிறது. ஆனால் மக்காச்சோளத் தட்டை வைக்கோலைப் போல் எளிதில் வளையாது. முதலில் நறுக்க வேண்டும்.

முழுவதையும் அள்ளுவதும் நன்றன்று. தட்டையில் சாம்பல் சத்து மிகுதி. மூடாக்காகக் கிடந்தால் மண்ணின் ஈரத்தையும் காக்கும். தீயிட்டால் வயல் விரைவில் தூய்மையாகும், ஆனால் தழைச்சத்து புகையோடு போய்விடும். ஒரு பங்கை மாட்டுக்கு எடுத்து, மறு பங்கைச் சுழற்கலப்பையால் மண்ணில் மடக்கி உழுவதே தக்கது. சரிவான நிலமாயின், மழைநீர் மண்ணை அரிக்காதிருக்க, சற்று மிகுதியாகவே விட வேண்டும்.

இயந்திரம் திரும்ப இடம் வேண்டி, வயலின் ஓரங்களை முன்கூட்டியே கையால் அறுப்பதுண்டு. அந்த ஓரத்துத் தட்டை மட்டும் நசுங்காமல், மண் படாமல் மாட்டுக்குக் கிடைக்கிறது.