தாளம் தவறாத விண்கலம்



ஆழ்வார்பேட்டையில் குடியிருப்பவன் நான். மார்கழி மாதத்தில் நாரத கான சபைக்குச் சென்றால், மேடையில் இருப்போர் மட்டுமன்றி, நாற்காலிகளில் அமர்ந்திருப்போரும் தொடைமீது தாளம் போட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். அவ்வாறு ஒரு கச்சேரி கேட்டு வீடு திரும்பிய இரவில், மிருதங்கம் பயிலும் என் பேரன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, விண்வெளிப் பகைவரைச் சுட்டுக்கொண்டிருந்தான். "சுடுவதற்கும் சங்கீதமா?" என்றேன். "கேட்டுப் பாருங்கள், தாத்தா" என்றான்.

இவ்வகை விளையாட்டுகளில் தாளம் புகுந்த கதை சுவையானது. 1978-ஆம் ஆண்டு ஜப்பானியரான தொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை அமைத்தார். வரிசைக்கு 11 பேராக ஐந்து வரிசைகளில் 55 பகைவர்கள். அக்காலக் கணிப்பொறியின் வேகம் சிறிது. நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரை மாறினாலும், ஒவ்வொரு முறையும் ஒரு பகைவனை மட்டுமே அது நகர்த்தியது. ஆகவே ஐம்பத்தைந்து பேரும் ஓரடி நகர ஏறக்குறைய ஒரு நொடி. பாதிப் பேர் மாண்டால் அரை நொடி. பொறியின் இயலாமையே ஆட்டத்தின் விறுவிறுப்பாயிற்று! பின்னணியில் ஒலிக்கும் நான்கு சுரங்களும் அதற்கேற்ப விரைகின்றன. ஆடுபவனின் நெஞ்சும் விரைகிறது.

என் பேரன் ஆடியது 2001-இல் தெத்சுயா மிசுகுச்சி உருவாக்கிய 'ரெஸ்'. ஓவியர் காண்டின்ஸ்கிக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இதில் எட்டு இலக்குகள் வரை ஒருங்கே குறிவைத்துச் சுடலாம். நம் ஆதி தாளத்துக்கும் எட்டு அட்சரங்கள்தாமே என்று மகிழ்ந்துபோனேன், அது தற்செயலே. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்று கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு அரை நொடி. அதை நான்காகப் பகுத்தால் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. நீங்கள் இரு பகுதிகளுக்கு நடுவே சுட்டாலும், பொறி வெடியோசையை அடுத்த பகுதி வரும்வரை நிறுத்திவைத்து, சரியாக அதன்மேல் ஒலிக்கச் செய்கிறது. தாமதம் செவிக்குப் புலப்படுவதில்லை. கண்டபடி சுட்டாலும் கைதேர்ந்த தாளக்காரனைப்போல் ஒலிக்கிறது.

இங்கேதான் என் ஆசிரிய மனம் சற்றுத் தயங்கியது. மாணவன் எழுதிய விடையை, அவன் அறியாமலே திருத்திவிட்டு முழு மதிப்பெண் வழங்குவது போன்றதன்றோ இது? மிருதங்க ஆசிரியர் பிழையை மறைக்கமாட்டார். தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். பின் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று எண்ணவைத்து, எந்த அட்சரத்தில் கை முந்தியது என்பதையும் சொல்லுவார். ஆயினும் தாளம் கூடிவரும் இன்பத்தை ஒருவன் முதலில் சுவைத்தறிவதும் வேண்டியதுதான் என்று பேரன் வாதாடினான். அவன் கூற்றைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சோதனை செய்தோம். அவன் ஆட, நான் அவ்விசைக்கேற்ப ஆதி தாளம் போட்டேன். பேத்தி ஒலியை நிறுத்தினாள். நான்கு ஆவர்த்தனங்கள் தாமாகவே எண்ணிமுடித்தவுடன் மீண்டும் ஒலியை எழுப்பினாள். நாற்பதாண்டு கச்சேரி கேட்ட என் கை, அரை அட்சரம் முந்தியிருந்தது.

பிள்ளைகள் சிரித்து ஓயும்வரை பொறுத்திருந்து, மறுபடி ஒலியை நிறுத்தச் சொன்னேன்.