பென்சில் பிடிக்காத கையும் மறதிச் சோதனையும்

நூறிலிருந்து ஏழைக் கழிக்க வேண்டும். வந்த விடையிலிருந்து இன்னொரு ஏழு. அப்படியே போக வேண்டும். மறதி நோய் (டிமென்ஷியா) இருக்குமோ என்று அழைத்து வரப்படும் முதியவரிடம் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். 1975இல் அமெரிக்காவில் உருவான சோதனை. மொத்தம் 30 மதிப்பெண். ஆலங்குடிப் பக்கம் ஆயுள் முழுக்கக் கடலை பறித்த அப்பத்தா இதில் தோற்றால், தோற்றது மூளையா, போகாத பள்ளிக்கூடமா?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1990களில் ஹரியானாவின் பல்லப்கரில் சோதனையை மாற்றியமைத்தார்கள். கழித்தலுக்குப் பதில் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லலாம். எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னால் போதும். அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற புதுக்கோட்டைப் பெண்கள் பலர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள்; அவர்கள் வாக்கியமே எழுதிக் காட்டுவார்கள். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. 2023இல் வெளியான தேசிய ஆய்வின் கணக்கில், 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 சதவீதம் பேருக்கு இந்நோய். படிக்காதவர், பெண்கள், கிராமத்தார் மத்தியில் கூடுதல்.

காரணம் ஒன்றல்ல. அல்சைமரில் மூளைச் செல்களுக்கு உள்ளும் புறமும் புரதங்கள் படிந்து, மெல்ல மெல்ல நினைவு தேய்கிறது. ரத்தக்குழாய் அடைப்பால் வருவது பெரும்பாலும் படிப்படியாக இறங்கும்: ஒரு பக்கவாதம், ஒரு சரிவு. பிரஷரும் சுகரும் இதற்கு வழி போடுகின்றன. 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே கொண்டுவரும் மாத்திரை மூளைக்கும் சேர்த்துத்தான்.

'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் எல்லாமே மறதி நோய்போல வேடம் போடும். பைக்கிலிருந்து விழுந்து சில வாரம் கழித்து மூளைமேல் கசிந்து தேங்கிய ரத்தமும் அப்படியே. இவற்றில் பல சரியாகக்கூடியவை. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அதற்காகத்தான். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றினால் அது வேறு கதை. கிருமித்தொற்றோ உப்புச்சத்துக் குறைவோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்த ஸ்கேனும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் உள்ளது. நாற்பது வருடம் வைத்த குழம்புக்குப் புளி எப்போது கரைப்பது என்று தடுமாறுவதும், கண்மாய்க்கரை வரை போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும்தான் மருத்துவருக்கு வேண்டிய தகவல். அதைச் சொல்லக்கூடியவர் சிங்கப்பூரிலிருந்து பேசும் மகன் அல்ல. போனில் ஐந்து நிமிடம் அம்மா நன்றாகத்தான் பேசுவார். மாத்திரைப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வர வேண்டியவர், ஒரே நாளில் மூன்று முறை அவருக்குச் சோறு போட்டும் 'இன்னும் சாப்பாடு தரலை' என்று அவரிடம் பேச்சு வாங்கிய மருமகள்.