ஈரப் பஞ்சு மூச்சு விடும்

வில்லியனூரில் வாடகைக்கு இருந்த வாசகர் ஒருவர் பண்டசோழநல்லூரில் சொந்த வீடு கட்டி முடித்திருக்கிறார். நான்கடி நீள மீன்தொட்டி, அதில் கையகலத்துக்கு வளர்ந்துவிட்ட தங்கமீன்கள். "பழைய தண்ணீரை எத்தனை குடம் எடுத்துப் போனால் மீன் பிழைக்கும்?" என்று கேட்கிறார். கொஞ்சம் எடுத்துப் போகலாம், தவறில்லை. ஆனால் அந்த மீன்களின் உயிர் தண்ணீரில் இல்லை. ஃபில்டருக்குள் கறுத்துக் கிடக்கிற பஞ்சில் இருக்கிறது.

வீடு மாறும்போது பலரும் அந்தப் பஞ்சைத்தான் முதலில் தூக்கிப் போடுகிறார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கூழாங்கல்லைக் குழாயடியில் அலசி, புதுப் பஞ்சு வாங்கி வைக்கிறார்கள். கிரகப்பிரவேசத்தன்று தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும். நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாகச் சாகும். வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். கொன்றது அம்மோனியா.

கணக்குப் போட்டால் தெரியும். நாளுக்கு 5 கிராம் தீவனம் போடுகிறோம், அதில் 2 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தில் நூற்றுக்குப் 16 பங்கு நைட்ரஜன். அதில் பாதி மட்டுமே செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறினாலும், 250 லிட்டர் தொட்டியில் ஒரே நாளில் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். நாலு நாளில் அது 2 மில்லிகிராமைத் தாண்டும். பழைய தொட்டியில் இது சேராததற்குக் காரணம், பஞ்சின் இழைகளில் படலமாக ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் எரித்துத்தான் அவை பிழைக்கின்றன. அதில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம் என்பதால் மெதுவாகத்தான் பெருகும். ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள்கூட ஆகும்.

மண்சட்டியில் தயிர் தோய்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். தயிர் தீர்ந்த பிறகும் சட்டியின் நுண்துளைகளில் உறை தங்கியிருக்கும். தனிக்குடித்தனம் போகிற மகளுக்குத் தயிரைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்து அனுப்புகிற அம்மா உண்டா? நம் தொட்டியில் பஞ்சுதான் சட்டி. தண்ணீரோ தயிரளவுக்குக்கூட உறை இல்லாதது. இன்னும் நீட்டினால், எதிர்வீட்டில் உறை வாங்குவது போல மீன் வளர்க்கும் நண்பரின் பஞ்சில் ஒரு துண்டு வாங்கலாம். அவர் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். ஒரே வித்தியாசம், பால் ஓர் இரவில் தோயும். புதுத் தொட்டி தோய நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

வரலாற்றில் ஒரு செய்தி மட்டும் சொல்லத் தக்கது. மீனும் செடியும் சேர்ந்தால் தொட்டி தானே சமன்படும் என்று 1850இல் எழுதியவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். அந்தச் சமன்பாட்டில் விடுபட்ட பாக்டீரியாக்களைத் தேடியவர்களில் ஒருவர் அதே பெயர் கொண்ட அவருடைய மகன். இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் பண்ணையின் மண்ணை ஆராய்ந்து, அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது இரண்டு படிகளில் நடக்கிறது என்று காட்டினார். 1890இல் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். இரண்டு படிகளையும் ஒரே பாக்டீரியா செய்ய முடியும் என்று 2015இல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அதில் ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த ஃபில்டர்.

இப்போது பயணத்துக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பஞ்சை எப்படி எடுத்துப் போவது? வாளி நிறையத் தொட்டித் தண்ணீர் ஊற்றி, அதில் அமிழ்த்தி, மூடி போட்டு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதுதான் மோசமான வழி. இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் ஏழெட்டு மில்லிகிராம். அதே ஒரு லிட்டர் காற்றில் இருப்பது சுமார் 270 மில்லிகிராம். முப்பத்தைந்து மடங்கு! அதோடு, காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகம் தண்ணீரில் பரவுவதைப்போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. மோட்டார் ஓடும்போது தண்ணீர் பஞ்சுக்குள் புகுந்து ஓடுவதால் மட்டுமே படலத்துக்கு மூச்சு கிடைக்கிறது. மோட்டார் நின்றால், இழைகளுக்கு நடுவே தேங்கிய நீரில் இருக்கும் கொஞ்சத்தை அழுக்கைத் தின்னும் மற்ற பாக்டீரியாக்கள் முதலில் காலி செய்துவிடும். மூடிய ஃபில்டர் கலனைச் சில மணி நேரம் கழித்துத் திறந்தவர்களுக்கு அந்த அழுகிய முட்டை நாற்றம் தெரிந்திருக்கும்.

ஆகவே பஞ்சைத் தண்ணீரிலிருந்து எடுத்து, சொட்டுவது நிற்கும்வரை வடியவிட்டு, ஈரத்தோடு அகலமான வாளியில் போட்டு, மேலே ஈரத்துணி ஒன்றைத் தளர்வாகப் போர்த்தினால் போதும். ஒவ்வொரு இழையிலும் முடியளவு நீர்ப்படலம், அதைத் தொட்டபடி காற்று. தண்ணீருக்குள் கிடந்ததைவிட வெளியே நன்றாக மூச்சு விடுகிறது. காயக் கூடாது, வெயில் படக் கூடாது, குழாய்த் தண்ணீரின் குளோரின் படவே கூடாது.

மீன் பையிலும் இதே கணக்குதான். சென்னை கொளத்தூரிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் போகும் வண்ணமீன் பைகளில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி ஆக்சிஜன். நெடும்பயணத்தில் இன்னொன்றும் நடக்கும். மீன் விடும் கரியமில வாயு தண்ணீரை அமிலமாக்கி, அம்மோனியாவை நஞ்சு குறைந்த அம்மோனியமாக வைத்திருக்கும். 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை; பிஎச் 8இல் ஏழரைப் பங்கு. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும். அதனால் ராத்திரி முழுவதும் பயணித்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் புதுத் தண்ணீருக்குப் பழக்குவது ஆபத்து. வில்லியனூரிலிருந்து பண்டசோழநல்லூர் வரும் பைக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கடையில் விற்கும் 'உடனடி பாக்டீரியா' புட்டிகளை நான் நம்பச் சொல்ல மாட்டேன். பல புட்டிகளில் இருப்பவை ஸ்போர் எனும் வித்துறைக்குள் உறங்கத் தெரிந்த பாசில்லஸ் வகைகள். அவை அழுக்கைத் தின்னும். நமக்கு வேண்டியவற்றுக்கு வித்துறை கிடையாது. வெயிலடிக்கும் கடை அலமாரியில் மாதக்கணக்கில் அவை உயிரோடு இருக்கும் என்ற வாக்குறுதிக்குச் சான்று கேளுங்கள். உங்கள் பஞ்சு இலவசம்.

தொட்டியை முழுக்கக் காலி செய்து, கல்லையும் எடுத்துவிட்டுத்தான் குட்டி யானையில் ஏற்ற வேண்டும். 250 லிட்டர் என்றால் கால் டன். கொஞ்சம் தண்ணீரோடு தூக்கினாலும் அடிக்கண்ணாடி விரிசல் விடலாம். புது இடத்தில் மட்டம் பார்த்து, தெர்மோகோல் விரித்து வையுங்கள். போர்வெல் தண்ணீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். முதல் நாளே பிடித்து இரவு முழுவதும் ஏர் பம்ப் ஓடவிடுங்கள். மின் இணைப்பு வந்ததும் முதலில் ஃபில்டர், அப்புறம்தான் மீன்.

கிளம்புவதற்கு முந்தின நாளும் வந்த பிறகு இரண்டு நாளும் தீவனம் வேண்டாம். தங்கமீன் அதற்கெல்லாம் சாகாது. அடுத்த பத்து நாள் கால் பங்கு போட்டு, தினமும் அம்மோனியாச் சோதனைச் சொட்டு விட்டுப் பாருங்கள். பூஜ்யத்திலேயே நின்றால் பழைய அளவுக்குத் திரும்பலாம். ஏறினால் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.