பனிக்கட்டி கற்பிக்கும் வெப்பநிலைப் பாடம்

கனமூலை உள்ளிட்ட புத்தளம் மாவட்டக் கரையோர மக்களுக்கு மீனும் உப்பும் புதியவையல்ல. ஆயினும், மீனைப் பாதுகாக்கும் ஆழ்குளிரூட்டியின் வெப்பநிலை ஏன் -18 பாகை செல்சியஸ் என விதிக்கப்பட்டுள்ளது என்பதைப் பலர் சிந்திப்பதில்லை.

1724 ஆம் ஆண்டு தமது அளவுத்திட்டத்தை வெளியிட்ட பரனைட், பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவற்றின் கலவை எட்டிய குளிரைப் பூச்சியமாகக் கொண்டார். உப்புச் சேரும்போது பனிக்கட்டியின் உருகுநிலை தாழ்கிறது. சாதாரண உப்பைக் கொண்டே சுமார் -21 பாகை செல்சியஸ் வரை இறங்கலாம். பரனைட்டின் அந்தப் பூச்சியமே செல்சியஸ் திட்டத்தில் ஏறத்தாழ -18 ஆகும். அங்கு முழு எண்ணாக இருப்பது, இங்கு விசித்திரமான எண்ணாகத் தோன்றுகிறது.

செல்சியஸ் 1742 இல் நீரின் கொதிநிலையைப் பூச்சியம் எனவும் உறைநிலையை 100 எனவும் குறித்தார். பின்னரே அது தலைகீழாக மாற்றப்பட்டது. செல்சியஸ் பெறுமானத்தை 1.8 ஆல் பெருக்கி 32 ஐக் கூட்டினால் பரனைட் கிடைக்கும். 37 பாகை செல்சியஸ் என்பது 98.6 பாகை பரனைட். 38 என்பது 100.4. எனவே, குழந்தையின் காய்ச்சலை வைத்தியரிடம் கூறும்போது எண்ணுடன் அளவுத்திட்டத்தையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியின் திருகியில் காணப்படும் 1, 2, 3 என்பன பாகைகள் அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடக் குளிரும் கூடும். வெப்பநிலை விதித்த அளவுக்கு மேலேறினால் உள்ளிருக்கும் வெப்பநிறுத்தி இயந்திரத்தை இயக்கும். போதிய அளவு குளிர்ந்ததும் நிறுத்தும். ஆகவே, நாம் திருகி வைப்பது ஒரு கட்டளை மட்டுமே. மின்வெட்டின்போதோ, சூடான பாத்திரத்தை உள்ளே வைக்கும்போதோ அக்கட்டளை நிறைவேறியிருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மீன் விடயத்தில் இது பாரதூரமானது. சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்கள் 4 பாகை செல்சியஸுக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால், நுண்ணுயிர்கள் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு என்பன அதனை உண்டவருக்கு ஏற்படலாம். சமைப்பதால் ஹிஸ்டமின் அழிவதில்லை. மீனின் தோற்றமும் மணமும் அதனை எப்போதும் காட்டிக்கொடுப்பதுமில்லை.

மின்சாரமின்றியே இதற்குத் துணைநிற்பது உருகும் பனிக்கட்டி. முற்றாக உருகும் வரை அது 0 பாகை செல்சியஸிலேயே நிற்கும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது, ஒரு கிலோ நீரை 80 பாகை குளிர்விக்கப் போதிய வெப்பத்தை உறிஞ்சுகிறது. 30 பாகையிலுள்ள சுமார் மூன்று கிலோ மீனைக் குளிர்விக்க இக்கணக்கின்படி அது போதும். ஆனால், நமது வெயிலில் பெட்டியே வெளிவெப்பத்தை உள்ளே கடத்துவதால், மீனுக்குச் சம எடை பனிக்கட்டி இடுவதே நன்று. அதனை நொறுக்கி, மீனுக்கு மேலும் கீழும் அடுக்காக இட்டு, உருகிய நீர் வடிந்தோட வழி செய்ய வேண்டும்.

வீட்டிலோ, சிறு வெப்பமானி ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைத்துப் பார்ப்பது பெரும் செலவன்று. அது 4 பாகை செல்சியஸுக்கு மேல் காட்டுமாயின் திருகியைச் சரிசெய்வோம். மீனை வெளியில் காத்திருக்க விடாதிருப்போம்.