கொதித்துக் குளிர்விக்கும் திரவம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், குவின்சி. கொலம்பியா ஆற்றை ஒட்டிய இந்த ஊரின் தரவு மையத்தில் 2021இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சர்வர்களை ஒரு தொட்டித் திரவத்துக்குள் மூழ்கடித்து இயக்கியது. திரவம் மின்சாரத்தைக் கடத்தாது, 50 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். சிப் வேலை செய்யச் செய்ய அதன் மேற்பரப்பிலிருந்து குமிழிகள் பொங்கி எழும்பின. தொட்டியின் மேற்பகுதியில் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களில் அந்த ஆவி பட்டு, துளித்துளியாகத் தொட்டிக்குள்ளேயே சொட்டியது. சர்வருக்குள் விசிறியே தேவைப்படவில்லை.

கொதிநிலையை எட்டிய திரவம் மேலும் சூடேறுவதில்லை. வரும் வெப்பம் முழுவதும் ஆவியாவதற்கே செலவாகிவிடும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் போதும். கொதிக்கும் அதே தண்ணீரை ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். ஆனால் தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும். சிறிது உப்பு கலந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஃப்ளோரின் சேர்மங்களை நாடினார்கள். அவை ஆவியாகும்போது ஏற்கும் வெப்பம், தண்ணீர் ஏற்பதில் ஏறத்தாழ 25இல் ஒரு பங்குதான்.

கொதித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது அதுதான். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் உடனே வற்றாமல் முத்து முத்தாக உருண்டோடும். துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவிப்படலம் புகுந்துகொள்வதே காரணம். சிப்பின் மேலும் இதுவே நேரலாம். குமிழிகள் அளவுக்கு மீறிப் பெருகினால் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகிவிடும். திரவம் சிப்பைத் தொடவே முடியாது; வெப்பநிலை சட்டென எகிறும். ஜப்பானிய ஆய்வாளர் ஷிரோ நுகியாமா, தண்ணீருக்குள் கம்பியைச் சூடாக்கிப் பார்த்து 1934இலேயே இந்தப் போக்கை வரைபடமாக்கினார். இன்று சிப்பின் மேல் நுண்துளைப் பூச்சு பூசுவது குமிழிகள் எளிதில் பிறந்து, எளிதில் விலகத்தான்.

இன்னொரு சிக்கலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்திரவங்களில் பல, இயற்கையில் எளிதில் சிதையாத 'பிஃபாஸ்' வகை ரசாயனங்கள். அவற்றின் முக்கிய உற்பத்தியாளராக இருந்த 3எம் நிறுவனம், 2025 இறுதிக்குள் இந்த வகை ரசாயன உற்பத்தியையே கைவிடுவதாக 2022இல் அறிவித்தது. மின்சாரச் சிக்கனத்துக்காக மண்ணிலும் நீரிலும் தங்கிவிடும் ஒன்றைப் பெருக்குவது சரியான பேரம் அல்ல என்றே நினைக்கிறேன்.

தண்ணீரை வைத்தே இப்படிக் குளிர்விக்கவும் வழி இருக்கிறது. பல மடிக்கணினிகளில் உள்ள தட்டையான செம்புக் குழாய்க்குள் காற்றை அகற்றிச் சிறிது தண்ணீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அது 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்குப் போய் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே சிப்புக்குத் திரும்பி வரும்.