நமக்கு லீவு... ஸ்கூலுக்கு டூட்டி!

‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’னு டி.வி.யில் ஃப்ளாஷ் நியூஸ் ஓடியதும் துள்ளிக் குதிக்காதவங்க யாராவது இருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? நானும் குதிச்சேன். 2018 நவம்பர் 15, சாயங்காலம். அப்போ நான் எட்டாம் கிளாஸ். ஊர், திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டை.

அன்னிக்கு நள்ளிரவு தாண்டி, 16-ம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது கஜா புயல். மணிக்கு 100 கிலோ மீட்டருக்கும் மேலான காற்று. வீட்டில் நாங்க நாலு பேரும் கதவுக்கு மேஜையை முட்டுக்கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தோம். விடிஞ்சு பார்த்தா, தெருவையே அடையாளம் தெரியலை. எங்க பார்த்தாலும் சாய்ஞ்ச தென்னை மரங்கள். எங்க ஊரோட பெருமையான அலையாத்திக் காடும் பலமா அடி வாங்கியிருந்தது.

மழை விட்டதும் ஸ்கூலைப் பார்க்க ஓடினேன். ஷீட் போட்ட ரெண்டு கிளாஸ் ரூமில் கூரையைக் காணோம். என் பெஞ்ச் மேல மழைத் தண்ணி. அதைவிடப் பெரிய ஷாக், பக்கத்தில் இருந்த காங்கிரீட் கட்டடத்தில் காத்திருந்தது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அடுத்த தெரு பாட்டி படுத்திருந்தாங்க. கரும்பலகைக்குக் கீழே சேலையில் தொட்டில் கட்டி ஒரு குழந்தை தூங்குது. வராண்டாவில் பெரிய அண்டாவில் கஞ்சி கொதிக்குது.

லீவு எங்களுக்குத்தான். ஸ்கூல் டூட்டியில் இருந்தது!

இப்போ நான் சிவில் இன்ஜினீயரிங் படிக்கிறேன். எந்த பில்டிங் டிராயிங்கைப் பார்த்தாலும் அந்தக் காலை ஞாபகத்துக்கு வருது. ஒரே காம்பவுண்டு, ஒரே காற்று. ஒரு கட்டடம் பறந்துபோச்சு. இன்னொண்ணு ஊரையே காப்பாத்துச்சு. ஏன்?

மூணு தேதி... மூணு பாடம்!

டெல்டாக்காரங்க மறக்கக் கூடாத மூணு தேதிகள் இருக்கு.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். சமையல் கூடத்தில் பிடித்த தீ, மாடியில் இருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்து நடந்த பள்ளிகள். குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் பலியானார்கள். அதன் பிறகுதான் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரிக்கும் வேலை வேகம் எடுத்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடல் ஊருக்குள் வந்தது காலையில், பிரேயர் பெல் அடிக்கிற நேரத்தை ஒட்டி. அது பள்ளி நடக்கிற ஒரு நாளில் வந்திருந்தால்? கடலோரத்தில் வகுப்பறைகள் காலியாக இருந்தது காலண்டர் போட்ட பிச்சை.

மூணாவது, கஜா. புயலுக்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் பல முகாம்கள், பள்ளிக்கூடங்கள்தான்.

ஆக, பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு வேலை. பகலில் பிள்ளைகளைக் காப்பாத்தணும். ஆபத்து வந்தா ராத்திரியில் ஊரையே காப்பாத்தணும். ‘ஞாயிறா இருக்கும், ராத்திரியா இருக்கும்’னு நம்பி ஒரு கட்டடத்தைக் கட்ட முடியாதே!

ஷீட் ஏன் பறக்குது?

புயல் காற்று கூரையை மேலிருந்து அமுக்கும்னுதான் நானும் நினைச்சிருந்தேன். உண்மையில், சரிவு குறைவான கூரையைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சி இழுக்குது. கதவோ ஜன்னலோ பிய்ச்சுக்கிட்டா, உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளும்.

சின்னதா ஒரு கணக்கு. பயப்படாதீங்க, அரியர் வைக்கிற கணக்கு இல்லை! காற்றின் வேகத்தை ‘விநாடிக்கு இத்தனை மீட்டர்’ என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். மணிக்கு 120 கி.மீ. வேகம் என்றால் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 68 கிலோ எடை அளவுக்கு விசை. 8 மீட்டருக்கு 6 மீட்டர் கிளாஸ் ரூம் கூரை மொத்தத்தையும் இதே விசை மேலே இழுப்பதாக வைத்துக்கொண்டால், சுமார் 3 டன்! தகர ஷீட்டின் சொந்த எடையோ கால் டன்தான் தேறும். மிச்சத்தை யார் பிடிச்சுக்கிறது? போல்ட்டும், கம்பியும், சுவரும்தான்.

12 செ.மீ. காங்கிரீட் தளம் என்றால் அதே அறைக்கு 14 டன் எடை இருக்கும். அதான் அசையலை. இன்னொரு விஷயம்... வேகம் ரெண்டு மடங்கானால் விசை ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு!

பக்கத்து வீட்டுக் கொத்தனார் மாமாகிட்ட இந்தக் கணக்கைச் சொன்னேன். சிரிச்சுட்டார். “மாப்ள, ஷீட்டு மேல நாலு செங்கல் வெச்சா நிக்கும்னு நெனைக்கிறாங்க. காத்து செங்கல்லையும் சேத்துல்ல தூக்கிட்டுப் போகுது! ஷீட்டைச் சட்டத்தோட கட்டணும், சட்டத்தைச் சுவரோட கட்டணும், சுவரை அஸ்திவாரத்தோட கட்டணும். நடுவுல ஒண்ணு விட்டுப்போனாலும் எல்லாம் போச்சு.”

எங்க புரொஃபசர் ஒரு செமஸ்டர் நடத்திய பாடம், திண்ணையில் ஒரே நிமிஷத்தில் முடிஞ்சுபோச்சு!

ரூல் புக் சொல்றது இதுதான்!

நம் நாட்டில் கட்டடங்கள் மீதான காற்று விசைக்கு ஐ.எஸ். 875, பகுதி 3 என்று ஒரு தர விதி இருக்கு. 2015-ல் அதைத் திருத்தியபோது, கிழக்குக் கடற்கரையை ஒட்டி 60 கி.மீ. அகலத்துக்குள் கட்டும் கட்டடங்களுக்குத் தனிக் கவனம் கொடுத்தாங்க. சாதாரண கட்டடத்துக்குக் காற்றின் வேகத்தை 1-ஆல் பெருக்கினால் போதும். ஆனால் புயல் முகாம், மருத்துவமனை, பள்ளி போன்றவற்றுக்கு 1.30-ஆல் பெருக்கணும். விசைக் கணக்கில் அது கிட்டத்தட்ட 70 சதவிகிதம் அதிகம். பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியோடு ஒரே வரிசையில் வெச்சிருக்காங்க, கவனிச்சீங்களா?

கும்பகோணம் தீ விபத்துக்குப் பிறகு தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2009-ல் சுப்ரீம் கோர்ட், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் அடக்கம் என்று சொன்னது. தீயணைப்புக் கருவிகள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி எல்லாமே கட்டாயம் என்றது. சட்டம் இருக்கு, கணக்கும் இருக்கு. தளத்தில் போல்ட் இருக்கான்னு பார்க்கிறதுதான் பாக்கி!

டெல்டா ஸ்கூலுக்கு ஒரு செக்லிஸ்ட்

* பேஸ்மட்டம், ஊரில் இதுவரை வந்த பெரிய வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கணும். கழிவறையும் குடிதண்ணீர்க் குழாயும்கூட! முகாமில் முதலில் திண்டாட்டம் அங்கேதான்.

* வராண்டா கூரையும் வகுப்பறைக் கூரையும் ஒரே ஷீட்டாக நீளக் கூடாது. வராண்டாவில் காற்று புகுந்து தூக்கினால், வகுப்பறைக் கூரையையும் சேர்த்து உரிச்சுடும்.

* உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியைப் பருக்கவைத்துக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும். சூழல் கடுமையாக ஆக, கம்பியை மூடும் காங்கிரீட் 20 மி.மீ.யில் இருந்து 30, 45, 50 என்று கூடணும். இதை மறந்தால், இன்னிக்குக் காப்பாத்துற தளமே இன்னொரு நாள் தலையில் விழும்.

* மாடி இருந்தால் ரெண்டு படிக்கட்டு. கதவு வெளிப்பக்கம் திறக்கணும். சமையல் கூடம் வகுப்பறையை விட்டுத் தள்ளி இருக்கணும்.

* வீல்சேர் போகச் சாய்தளம். முகாமுக்கு முதலில் வருவது தாத்தா பாட்டிகள்தானே!

இதில் பாதிக்கு மேல் பெரிய செலவே இல்லை. ஜே-போல்ட்டின் விலை, பறந்துபோன ஷீட்டின் விலையில் தூசு. கட்டும்போதே யோசிச்சால் சுலபம். கட்டி முடிச்ச பிறகு யோசிச்சால்தான் செலவு.

நாம என்ன பண்ணலாம்?

அடுத்த செமஸ்டர் லீவில் ஒரு அரை நாள் ஒதுக்குங்க. என்.எஸ்.எஸ். நண்பர்களோடு, தலைமையாசிரியர்கிட்ட அனுமதி வாங்கி, நீங்க படிச்ச பழைய ஸ்கூலுக்கு ஒரு டேப்போடு போங்க. ஷீட்டுக்கு எத்தனை போல்ட், எது துருப்பிடிச்சிருக்கு, எந்தத் தளத்தில் கம்பி எட்டிப்பார்க்குது, எந்தக் கதவு பூட்டியே கிடக்கு... எல்லாத்தையும் போட்டோவோடு எழுதி, தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கொடுங்க. கட்டடம் உறுதியா இல்லையான்னு சொல்ல வேண்டியது அனுபவமுள்ள இன்ஜினீயர்தான். ஆனா ‘இதை வந்து பாருங்க’ன்னு கேட்க நமக்கு டிகிரி தேவையில்லை.

நான் என் ஸ்கூலில் இருந்து ஆரம்பிக்கப் போறேன். அடுத்த முறை டி.வி.யில் ‘விடுமுறை’ ஓடும்போது எட்டாம் கிளாஸ் பசங்க தாராளமா துள்ளிக் குதிக்கட்டும். அன்னிக்கு ராத்திரி அவங்க பெஞ்சில் தூங்கப் போற பாட்டிக்கு மேல, கூரை இருக்கணும். அவ்ளோதான்!